டெல்மரின் இடது கால்

டெல்மரின் கால் போனதற்கு யாரும் பொறுப்பில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் அவனோடு ஒரே வண்டியில் வேலைக்குப் போனவன். அவன் ஓட்டிய ரம்பத்திலிருந்து பலகையைப் பிடித்து அடுக்கியவன். யாரும் பொறுப்பில்லை என்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

கென்டக்கியில் எங்கள் மலைப்பக்கத்து மர மில்லில் நாங்கள் ஆறு பேர். முதலாளி ஹோபர்ட். காப்பீடு என்று ஒன்று எங்களில் எவனுக்கும் இருந்ததில்லை. பல் வலித்தால் பல்லைப் பிடுங்குவோம். முதுகு வலித்தால் விஸ்கி. பிறகு அந்தச் சட்டம் வந்தது. கூலி குறைந்தவனுக்கும் மருத்துவ அட்டை என்றார்கள். அட்டை வந்த பிறகுதான் டெல்மர் முதல்முறையாகத் தன் காலால் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனான். அதற்கு முன்னால் போனபோதெல்லாம் தூக்கிக்கொண்டுதான் போயிருந்தார்கள்.

உடம்பு முழுக்கச் சர்க்கரை என்றார்கள். இன்சுலின் கொடுத்தார்கள். இடது பாதத்தில் ஒரு புண் ரொம்ப நாளாக ஆறாமல் கிடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வந்து கட்டு மாற்றிக்கொள், விட்டால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டெல்மர் ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. புண்ணும் சிறுத்து, காசளவுக்கு வந்துவிட்டது.

அந்த மே மாதம், வியாழக்கிழமை. மில்லின் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் கோட்டுப் போட்டவர்கள் கூட்டமாக அதிபர் மாளிகைத் தோட்டத்தில் நின்று கைதட்டினார்கள். ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டிக்கொடுத்துச் சிரித்தார்கள். எங்கள் தொகுதியின் கீழவை உறுப்பினரும் மூன்றாவது வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதுடா," என்றார் ஹோபர்ட். "அந்தச் சட்டத்தக் குழி தோண்டிப் பொதச்சுட்டாங்க."

"அதுக்கு ஏம்ப்பா இவ்ளோ சிரிப்பு?" என்றான் டெல்மர். "நம்மூர்ல பொதைக்கறப்ப அழுவாங்க."

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். பாதி தின்ற ரொட்டியை டப்பாவுக்குள் திரும்ப வைத்து மூடினான்.

அன்றைக்கு ஓட்டுப் போட்டது கீழவை மட்டும்தான். மேலவை இன்னும் பாக்கி. அதுவரைக்கும் சட்டம் உயிரோடுதான் இருக்கிறது, அட்டையும் செல்லும். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தத் தோட்டத்தைப் பார்த்த எவனுக்கு அப்படித் தோன்றும்? வேலை முடிந்தால்தானே மனிதன் கொண்டாடுவான்?

மறுநாள் வெள்ளி. டெல்மர் மாலைவரை ரம்பத்தை விட்டு நகரவில்லை.

"ஆஸ்பத்திரி இல்லயா?" என்று கேட்டேன்.

"புண்ணு ஆறிடுச்சு. நீ பலகையப் பாரு."

நான் பலகையைப் பார்த்தேன்.

ஜூன் பிறந்த பிறகு வண்டிக்குள் ஒரு நாற்றம். நாளுக்கு நாள் கூடியது.

"எலி ஏதோ செத்துக் கெடக்குடா," என்றேன்.

"எலி இல்ல. போன வாரம் ஹோபர்ட் இந்த வண்டில ஏறுனார்ல, அவரு விட்டுட்டுப் போன வாசன."

நான் சிரித்துக்கொண்டே கீழே குனிந்து பார்த்தேன். அவன் இடது பூட்ஸின் தையல் வழியாக ஈரம் கசிந்திருந்தது. வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். மாட்டேன் என்றான். சாவியை நானே திருப்பிப் பிடுங்கினேன். பூட்ஸைக் கழற்றினேன். காலுறை கூடவே வரவில்லை, சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்பலேருந்துடா இது?"

"டிவில சிரிச்சாங்கல்ல, அன்னிலேருந்து."

"ஊசி?"

"ஃப்ரிட்ஜ்ல இருந்தத பாதிப் பாதியாப் போட்டுட்டு இருந்தேன். அதுவும் போன வாரம் தீந்துச்சு."

"ஒலீட்டாவுக்குத் தெரியுமா?"

"என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா நான் ரெண்டு காலோட இங்க உக்காந்திருப்பேனா?"

"ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொலைக்க வேண்டியதுதானடா!"

"செத்த கார்ட நீட்டிக்கிட்டு நடீன் முன்னாடி போய் நிக்கச் சொல்றியா? என்கூட ஸ்கூல்ல படிச்சவ. 'இது செல்லாது டெல்மர்'னு அவ வாயால கேக்கணுமா? அதுக்கு இந்தக் கால் அழுகட்டும்."

அவனைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு நான் ஓட்டினேன். மில்லுக்குப் போகும் பாதையைத் தாண்டி நேரே ஆஸ்பத்திரி. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான்.

வரவேற்பு மேசையில் நடீன்தான் இருந்தாள். டெல்மர் தரையைப் பார்த்தபடி அட்டையை நீட்டினான். அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"உள்ள போய் உக்காரு. கூப்பிடுவாங்க."

"கார்டு?"

"கார்டுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"எப்பலேருந்து?"

"எப்பலேருந்தா? எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. நீதான் வரவே இல்ல. எத்தன தடவ ஃபோன் பண்ணேன்! ஏன் எடுக்கல?"

"கார்டு போச்சுன்னு சொல்றதுக்குக் கூப்புடறன்னு நெனச்சேன்," என்றான் டெல்மர்.

நடீன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்படியே பார்த்துக்கொண்டே நின்றான். நான்தான் அவன் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு மாசம் முன்னாலே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த ஒரு மாசமும் அட்டை அவன் சட்டைப் பையிலேயேதான் இருந்தது.

ஜூலையில் மேலவையில் மசோதா தோற்றது. சட்டம் பிழைத்துக்கொண்டது. "பாத்தியா, ஒண்ணுமே ஆகல," என்றார் ஹோபர்ட். டெல்மரின் ரம்பத்தை அன்றைக்கு வேறு ஒருத்தன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டில் உறுப்பினர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்துக்கு வந்தார். மடக்கு நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமும் ஆள் நின்றார்கள். மேடையில் உறுப்பினருக்குப் பக்கத்தில் ஹோபர்ட். டெல்மர் ஊன்றுகோலோடு வந்திருந்தான். கால்சட்டையின் ஒரு பக்கத்தை ஒலீட்டா மடித்து ஊக்குக் குத்திவிட்டிருந்தாள்.

"கெட்ட வார்த்த பேசுனா இங்கயே வுட்டுட்டுப் போயிடுவேன்," என்றாள் அவனிடம்.

"ஓடியா வந்து பிடிக்கப்போறேன், போயேன்," என்றான்.

உறுப்பினர் நன்றாகப் பேசினார். "பயமுறுத்தறவங்க பேச்ச நம்பாதீங்க. அந்த மசோதா நெறவேறவே இல்ல. எதுவும் மாறல. உங்கள்ல ஒருத்தர்கூட எதையும் இழக்கல."

டெல்மர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தான்.

"ஒருத்தர்கூடவா ஐயா?"

உறுப்பினர் அவன் முகத்தைத்தான் பார்த்தார். "ஒருத்தர்கூட இல்ல ஐயா. நான் உறுதியாச் சொல்றேன்."

"அப்ப நான்தான் எங்கயோ மறந்து வெச்சுட்டேன் போல." டெல்மர் என் பக்கம் திரும்பினான். "வெர்லின், ஒன் நாற்காலிக்குக் கீழ கொஞ்சம் பாரு. என் காலு கெடக்குதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மண்டியிட்டேன். நிஜமாகவே குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தேன்.

"இங்க இல்லடா," என்றேன்.

ஒலீட்டா எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிப் பார்த்தாள். "இங்கயும் இல்ல." இரண்டு வரிசை முன்னால் நடீன் குனிந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் குனிந்தார். பின்னாலிருந்து ஒரு குரல்: "இந்த வரிசையில இல்லப்பா!" மடக்கு நாற்காலிகள் கிறீச்சிடத் தொடங்கின. நான் தலையைத் தூக்கியபோது கூடம் முழுக்க முதுகுகள்தான் தெரிந்தன. யாரும் சிரிக்கவில்லை.

"அடுத்த கேள்விக்குப் போகலாமா?" என்றார் உறுப்பினர் மைக்கில்.

"கொஞ்சம் இருங்க ஐயா," என்றான் டெல்மர். "நீங்க நிக்கற எடத்துலயும் ஒருவாட்டி குனிஞ்சு பாத்துடுங்க. அன்னிக்குத் தோட்டத்துல கைதட்டுனீங்கல்ல, அப்ப ஒங்க பக்கம்தான் விழுந்திருக்கும்."

ஹோபர்ட் மெதுவாகத் தன் காலை நகர்த்தி, நாற்காலிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

உறுப்பினர் குனியவில்லை.