கறுத்த ஓரம்

பொன்னாயியின் இடது மாரைப் புற்றுநோய் என்று சேலத்தில் எடுத்து ஏழு நாள் ஆகியிருந்தது. கட்டு மாற்ற மாரமங்கலத்தில் அவர்கள் வீட்டுக்கு வந்த நர்ஸ் புவனா, தையலோரத் தோலை விரலால் அமுக்கினாள், விட்டாள், மறுபடி அமுக்கினாள். புருஷன் ஐயாக்கண்ணு கட்டிலை விட்டு நகரவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்யும் எதையும் அவர் நம்புவதில்லை.

“மாம்பழமா அது, அமுக்கி அமுக்கிப் பாக்கறதுக்கு?”

“ரத்தம் ஓடுதான்னு பாக்கறனுங்க. அமுக்குனா வெளுக்கணும், விட்டா செவக்கணும். இந்த ஓரம் செவக்க மாட்டேங்குது.”

அவரும் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் நகமளவுக்குத் தோல் கறுத்திருந்தது. பொன்னாயிக்கு அங்கே வலியே இல்லையாம். வலிக்காத இடம் எப்படிக் கெடும்?

“இது பரவுனா தொடைத்தோலை எடுத்து ஒட்ட வேண்டி வருமுங்க. ஊட்டுல யாராச்சும் பீடி, சிகரெட்?”

“ஒருத்தரும் கெடயாது. பீடிக்கும் மாருக்கும் என்ன சம்பந்தம்? சும்மா எதையாச்சும் கேட்டு எழுதிட்டுப் போறது!”

“மாரை எடுக்கையில மேல்தோலைத் தூக்கி, மறுபடி போத்தித் தெச்சிருக்காங்க. தலைமுடியாட்டம் மெல்லிசா இருக்கற ரத்தக்குழாய்தான் அதுக்குச் சோறு போடுது. பீடியில இருக்கற நஞ்சு அதைச் சுருக்கிருமுங்க.”

ஐயாக்கண்ணு தன் புறங்கையை அமுக்கிப் பார்த்தார். வெளுத்தது, சிவந்தது. எழுபது வருசமாய்க் கூடவே இருக்கும் கை இப்படியெல்லாம் செய்யும் என்று அவருக்குத் தெரியாது. பிறகு பொன்னாயியின் கன்னத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் உப்பியிருந்தது.

“ஏங்கண்ணு, வெத்தலையோட மெல்லற புகையிலை?”

“அதுலயும் அதே நஞ்சுதானுங்க.”

“ஏனுங்க, ஊரைக் கூட்டித் தண்டோரா போடுங்க!” என்றாள் பொன்னாயி.

ஆஸ்பத்திரியில் கேட்டதும் பீடியைத்தான். புகையிலை மெல்லுவதை இங்கே யாரும் கெட்ட பழக்கமாகச் சொல்வதில்லை, அது சாப்பாட்டோடு சேர்த்தி. ஒண்டிக்கடை முக்கில் புகையிலைப் பொட்டலம் வாங்கி வந்து கொடுத்ததும் அவர்தான்.

“நாந்தான் வாங்கிக் குடுத்தேன். எழுதிக்க” என்றார்.

புவனா திட்டவில்லை. கறுப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். “இறுக்கிக் கட்டாதீங்க. மரத்த தோலு, ஒத்தடம் குடுத்தா வெந்துரும். கறுப்பு கோட்டைத் தாண்டுனாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்னிக்கே பஸ் ஏறிருங்க.”

பொன்னாயி புகையிலையைத் துப்பி வாயைக் கொப்பளித்தாள். அதன்பின் நாலு நாள் அவரோடு பேசவில்லை. அவர் காலையும் மாலையும் கோட்டைப் பார்த்தார். கறுப்பு தாண்டவில்லை.

புவனா வந்து போன பத்தாம் நாள் சேலத்தில் மரப்பு ஊசி போட்டு, டாக்டர் கறுத்த ஓரத்தைக் கத்தரித்தார். வெளியே போகச் சொன்னதற்கு ஐயாக்கண்ணு மசியவில்லை. கத்தரி நல்ல தோலைத் தொட்டதும் சிவப்பாகக் கசிந்தது.

“ரத்தமுங்களா?” பொன்னாயி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“ஆமா, நல்லாவே வருது.”

“வந்தாத்தான் தைக்க முடியும். தொடைத்தோல் வேண்டியதில்லை” என்று டாக்டர் ஊசியைக் கோத்தார்.

ஐயாக்கண்ணு இன்னும் கிட்டே போனார். “மறைக்காதீங்க டாக்டரே. அந்த வெளக்கைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க.”