பாட்டுக்காரி குறித்து வைத்த நட்சத்திரம்

கண்ணாடியக்கா கை வைத்தால் தூசு தானாகவே எழுந்து போய்விடும் என்று அந்த வானாய்வுக் காப்பகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு. இரண்டும் உண்மை. பதினாறு வருடங்களில் முப்பதாயிரத்துச் சொச்சம் தகடுகளைத் துடைத்தவள். ஒன்றில்கூடக் கீறல் விழுந்ததில்லை.

தகடு என்றால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கண்ணாடி. நூறு வருடங்களுக்கு முன்னால் தொலைநோக்கியில் பொருத்தி வானத்தைப் படம் பிடித்தவை. ஒரு பக்கம் படம் விழுந்த பூச்சு, அதைத் தொடவே கூடாது. மறுபக்கம் வெறும் கண்ணாடி. அந்தக் காலத்தில் நட்சத்திரங்களை எண்ணியவர்கள் இந்தப் பக்கத்தில்தான் மையால் வட்டமும் அம்புமாகப் போட்டு வைத்தார்கள். இப்போது தகடுகளைக் கணினியில் ஏற்றும்போது அந்த மை நட்சத்திரங்களை மறைக்கிறது. அதனால் படக்காரர் முதலில் மையோடு சேர்த்து ஒரு படம் எடுப்பார். எடுத்ததற்கு அடையாளமாக உறைக்குள் மஞ்சள் சீட்டு ஒன்றைச் செருகுவார். சீட்டு இருந்தால் துடைக்கலாம், இல்லையென்றால் கை வைக்கக் கூடாது. அங்கே இருந்த சட்டம் இவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் உருவிய உறையில் மஞ்சள் நுனி எட்டிப் பார்த்தது. தகட்டை எடுத்தாள். கண்ணாடிப் பக்கம் வட்டமும் அம்பும் இல்லை, என்னவோ கோடும் புள்ளியுமாக இருந்தது. யாரோ வேலை நேரத்தில் கிறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அவளுக்குக் கிறுக்கலைக் கண்டாலே ஆகாது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் நான்கு இழுப்பு. பளிச்சென்று ஆகிவிட்டது.

சீட்டை எடுத்து மற்றச் சீட்டுகளோடு சேர்க்கப் போனபோதுதான் விரலுக்கு வித்தியாசம் தெரிந்தது. மஞ்சள் தாள் இல்லை அது. வெள்ளைத் தாள், வயதாகி மஞ்சளானது. அதில் பழுப்பு மையில், சாய்ந்த கையெழுத்தில், ஒரு தேதி. அதன் கீழே: "கண்ணாடிப் பக்கம் பார்க்கவும்."

அவள் உறையின் எண்ணைப் பார்த்தாள். பத்து மணிக்கு வரப்போகும் பேராசிரியர் அம்மா கேட்டிருந்த தகடு அதுதான்.

அந்தப் பேராசிரியர் பதினோரு வருடங்களாக ஒரே ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். பெண்களைத் தொலைநோக்கிக் கோபுரத்தில் ஏறவிடாத காலம் அது. ராத்திரி ஆண்கள் எடுத்த படங்களைப் பகலில் கீழறையில் உட்கார்ந்து பெண்கள் எண்ணினார்கள். அவர்களில் ஒருத்தி பாடகர் குழுவில் பாடுகிறவள். ஆண்கள் நக்கலாக அவளைப் பாட்டுக்காரி என்றார்கள். ஒரு நட்சத்திரம் தாளம் தப்பாமல் மங்கி மங்கிப் பிரகாசிக்கிறது, அந்தத் தாளத்தை வைத்தே அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பதை உலகத்துக்கு அறிவித்தவர் அப்போதைய இயக்குநர். பாடப்புத்தகத்தில் அவர் பெயர், தெருவுக்கு அவர் பெயர், வாசலில் அவருக்கு வெண்கலச் சிலை. ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்பே பாட்டுக்காரி தன் தங்கைக்கு எழுதிய கடிதம் ஒன்றைப் பேராசிரியர் கண்டுபிடித்திருந்தார். நட்சத்திரத்தின் ஏற்ற இறக்கத்தை ஸ்வரங்களாக ஒரு தகட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பாடத் தெரிந்தவர் யாரும் படிக்கலாம் என்று அதில் இருந்தது. கடிதம் ஆதாரமாகாது, தகட்டைக் காட்டு என்றார்கள் பெரிய மனிதர்கள்.

அந்தத் தகடு இப்போது கண்ணாடியக்காவின் மேசையில் சுத்தமாக மின்னிக்கொண்டிருந்தது. அவள் படக்காரரைக் கூப்பிட்டாள்.

படக்காரர் வந்து பார்த்தார். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் வெச்சது இல்லக்கா."

"தெரியுது."

"ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தக் காலத்துலயே தொடச்சிட்டாங்கன்னு சொல்லிடுவோம். எத்தனை தகடு அப்படி வந்திருக்கு! யாருக்குத் தெரியப் போவுது?"

அவளுக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. வந்தது மட்டுமல்ல, ஐந்து நிமிஷம் சம்மணம் போட்டு உட்கார்ந்தும் கொண்டது. ஆனால் அந்தப் பெண் பட்டதெல்லாம் போதாதென்று, அவள் எழுதியது எப்போதோ அழிந்துபோனது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டுமே! நினைக்கவே அவளுக்குக் கூசியது.

"ஒருத்தன் அவ பேரத் தொடச்சான். நான் அவ கையெழுத்தத் தொடச்சிட்டேன். அதுக்கு மேல பொய்யும் சொல்லணுமாப்பா?"

பேராசிரியர் பத்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். மின்தூக்கி வேலை செய்யவில்லை. நான்கு மாடி ஏறி, மூச்சு வாங்க நின்றார். கண்ணாடியக்கா உட்காரக்கூடச் சொல்லாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

பேராசிரியர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. முகம் மட்டும் வெளுத்துப் போனது. "எங்கே, குடுங்க" என்று தகட்டை வாங்கி, விளிம்பைப் பிடித்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். பதினோரு வருடம் தேடியதைக் கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதுபோல முகத்தைக் கொண்டுபோனார். ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. தகடுகளுக்காகக் குளிர வைத்த அறை. கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு ஆவி படர்ந்தது.

அந்த ஆவிக்குள் ஒரு கோடு நின்றது.

"அசையாதீங்கம்மா!" என்று கண்ணாடியக்கா போட்ட சத்தத்தில் படக்காரர் ஓடி வந்தார். கோடு அதற்குள் மறைந்துவிட்டது. "இன்னொரு தடவ மூச்சு விடுங்க. ஊதக் கூடாது. வாயத் தொறந்து, ஹா-ன்னு."

நூறு வருட மை கண்ணாடியை ஒரு துளி தின்றிருந்தது. துணிக்கு அகப்படாத அளவு, ஈரத்துக்கு அகப்படும் அளவு. மூச்சுப் பட்ட இடமெல்லாம் ஆவி படர்ந்து, மை இருந்த இடம் மட்டும் தெளிந்து நின்றது. ஒன்று, இரண்டு, ஐந்து கோடுகள், மேல்நாட்டார் ஸ்வரம் எழுதும் முறையில். கோடுகளின் மேல் ஏறியும் இறங்கியும் புள்ளிகள். செத்து எவ்வளவோ காலமான ஒருத்தி, உயிருள்ளவர்களின் மூச்சுக்குள் எழுந்து வந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

படக்காரர் கேமராவைத் தாங்கியில் பொருத்தினார். கண்ணாடியக்கா ஒரு பக்கம், பேராசிரியர் ஒரு பக்கம், மாற்றி மாற்றி மூச்சு விட்டார்கள். படக்காரர் விடுமுறை நாட்களில் மேடையில் கீபோர்டு வாசிப்பவர். புள்ளிகளைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினார். சரேலென்று ஏறியது, உச்சியில் கொஞ்சம் நின்றது, மெதுவாக இறங்கியது. மறுபடியும் சரேலென்று ஏறியது. எங்கோ கற்பனைக்கெட்டாத தூரத்தில் ஒரு நெருப்புக் கோளம் இன்றைக்கும் இதே தாளத்தில் மங்கிப் பிரகாசித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது கண்ணாடியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கிறுக்கல் என்று நினைத்தோமே, பாவி!

"தேதி இருக்கு," என்றார் பேராசிரியர். "இயக்குநர் அறிவிச்சதுக்கு நாலு மாசம் முந்தி. சீட்டுல இருக்கற அதே தேதி."

"கீழயும் ஏதோ இருக்கும்மா. சின்ன எழுத்து," என்றார் படக்காரர் கேமராவில் பார்த்தபடி.

கண்ணாடியக்கா மண்டியிட்டு, தகட்டின் கீழ் மூலைக்கு முகத்தைக் கொண்டுபோய், நெஞ்சு நிறைய இழுத்து விட்டாள். இரண்டு வரி எழுந்தது.

"நான்கு முறை பார்த்துவிட்டேன். இயக்குநர் சிரித்தார். நான் பார்த்தது சரியா?"

கேமரா சொடுக்கியது. ஆவி ஓரத்திலிருந்து வடியத் தொடங்கியது. பேராசிரியர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியக்கா அவசரமாகத் தகட்டுக்கு இன்னும் நெருங்கினாள், பதில் போய்ச் சேருவதற்குள் கேள்வி மறைந்துவிடக் கூடாது என்பதுபோல.

"சரிதாம்மா," என்றாள். "நீங்க பார்த்தது சரிதான்."

சொன்ன மூச்சில் அந்தக் கடைசி வரி இன்னொரு முறை தெளிந்தது.