பாதி வரி

விடியுமுன்பே அச்சகத்தில் மடிப்பு வேலை தொடங்கிவிட்டது. மை காயாத தாள்களை மடித்து, மூங்கில் பட்டையால் அழுத்தி நீவிக்கொண்டிருந்தாள் அவள். விரல் நுனியெல்லாம் காகிதம் கீறிய எரிச்சல். பத்திரிகையின் கடைசிப் பக்கம்தான் இன்னும் அச்சாகவில்லை.

மூலையில் அவள் கணவன் நின்று அச்சுக் கோத்த இடம் காலி. தலையங்கம் கோத்துக்கொண்டிருந்தவனைப் பாதி வரியில் போலீசார் இழுத்துப் போயிருந்தார்கள். ஒருவர் தொடங்கிய வரியை இன்னொருவர் கலைப்பதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். யாரும் அதைத் தொடவில்லை. ஆனாலும் ஈய எழுத்து விழும் சத்தம் அந்த மூலையிலிருந்து அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவள்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

முதலாளி ஒரு தாளோடு வந்தார். ஆட்சியைப் பாராட்டி மேலிடம் எழுதி அனுப்பிய தலையங்கம்.

"அதைக் கலைச்சிட்டு இதைக் கோத்துக் குடுங்கப்பா."

"எதுக்குப் பாராட்டு முதலாளி? எங்க ஆளைப் பிடிச்சதுக்கா?" என்றார் மெஷின்காரர்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. இதைப் போட்டா உன் வீட்டுக்காரனை விட்டுடறதா அதிகாரி சொல்றார். புருஷன் வேணுமா, வீம்பு வேணுமா?"

அவளுக்கு அவன் வேண்டும், வேறெதுவும் வேண்டாம். ஆனால் பத்திரிகை ஆசிரியரைப் பிடித்தபோதும் இதே பேச்சுத்தான். நம்பி, பாராட்டை அச்சடித்தார்கள். ஆசிரியர் வரவில்லை, அவர் செருப்புதான் வந்தது.

"அந்தச் செருப்பை வாங்கிட்டு வந்தது நான்தான் முதலாளி," என்றாள். "அதைக் கலைக்க வேணாம்."

"எல்லாரையும் உள்ளே தள்ளுவான்!"

"ஒவ்வொருத்தரா போறதாலதானே காணாமப் போறோம்?" என்றார் மெஷின்காரர். "மொத்த அச்சகத்தையும் எங்கே கொண்டு போய் ஒளிப்பான்?"

அச்சுக் கோக்கும் மூத்த கம்பாசிட்டர் எழுந்தார். அந்தப் பாதி வரியை அப்படியே கடைசிப் பக்கத்தில் ஏற்றி, மிச்சத்தை வெறுமையாக விட்டு இறுக்கிக் கட்டினார். முதலாளி டெலிபோனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அதற்குள் மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது.

முதல் தாள் அவள் கைக்கு வந்தது. 'நாங்கள் கேட்பதெல்லாம்' என்பதோடு நின்றிருந்தது வரி. அவனைப் பலி கொடுக்கிறோமோ என்ற பயத்தில் அவள் கை மடிக்க மறுத்தது.

மடிப்பு வேலை செய்யும் மற்ற பெண்கள் முக்காலியை இழுத்துப் போட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"குடுக்கா. போலீஸ் வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சவரைக்கும் வெளியே அனுப்பிடுவோம்."

அவள் தாள்களைப் பிரித்து ஆளுக்கொரு கட்டாகக் கொடுத்தாள்.