கால் வைத்த இடம்

பாண்டித்துரை வீட்டு மொசைக் தரைக்கு நாற்பது வயது. உத்தரகோசமங்கையில் அப்படியொரு கூடம் வேறு எவருக்கும் கிடையாது என்பது அவருடைய நினைப்பு. வெள்ளிக்கிழமை மகளுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், அதற்குள் தரை பளபளக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். சொந்தமாகத் தரை தேய்க்கிற மெஷின் வாங்கிய பிறகு எனக்கு வந்த முதல் பெரிய வேலை.

"பூமயிலு, கொல்லைப்பக்கமா வந்துரு" என்றார் போனிலேயே. என் அய்யா அந்த வீட்டு வயலில் முப்பது வருஷம் உழைத்தவர், கொல்லைவாசலைத் தாண்டியதில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேலை வேண்டுமே, கொல்லைப்பக்கமாகவே போனேன்.

செவ்வாய்க்கிழமை தரையைத் தேய்த்து, குழிகளை அடைத்து, வெள்ளை சிமென்ட்டைப் பால்போல் கரைத்துப் பூசி முடித்தேன். "நாளைக்கு நான் வாரவரைக்கும் ஒரு பொட்டுத் தண்ணி படக்கூடாதும்மா" என்று வீட்டுக்காரம்மா சேதுலட்சுமியிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மறுநாள் காலை தரையில் செக்கச்செவேலென்று கறை. கொல்லைவாசலிலிருந்து கூடம்வரை ஒரு கோடு. அதிலிருந்து பிரிந்து சுவிட்ச் போர்டுக்கு ஒரு கோடு. நான் உட்கார்ந்து தூக்குவாளிச் சோறு தின்ற மூலையில் வட்டமாக ஒன்று. மெஷினோடு போன மற்ற இடமெல்லாம் வெள்ளை. நான் நடந்து போய்வந்த, உட்கார்ந்த இடம் மட்டும் சிவப்பு.

பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

பாண்டித்துரையோடு அவர் மச்சினன் தங்கப்பாண்டியும் நின்றிருந்தார். "ஆசிட்ட ஊத்தித் தரையக் கெடுத்துட்டியே. இனி திருப்புல்லாணி வரைக்கும் ஒருத்தன் ஒனக்கு வேலை தரமாட்டான், பாத்துக்க" என்றார் பாண்டித்துரை. அவர் சொன்னால் அப்படித்தான் நடக்கும். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை.

பையிலிருந்த ஆசிட் பவுடர் பாக்கெட்டை எடுத்துக் காட்டினேன். "ஆசிட் போடுறது கடைசி வேலை சார். பாக்கெட்டு இன்னும் பிரிக்கவே இல்ல." பிறகு சேதுலட்சுமியிடம் திரும்பினேன். "ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் தாங்கம்மா."

மக்கில் வெள்ளை சிமென்ட்டைக் கரைத்து மஞ்சளைப் போட்டேன். சிவந்தது.

"ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்குவீங்கள்ல. சிமென்ட்டுலயும் சுண்ணாம்புதான் இருக்கு. நான் போனதும் தீட்டுன்னு மஞ்சத்தண்ணி தெளிச்சது யாரு?"

தங்கப்பாண்டி மின்விசிறியைப் பார்த்தார். சேதுலட்சுமி முந்தானையைத் திருகிக்கொண்டே புருஷன் பக்கம் கண்ணைக் காட்டி, "நாந்தான் தெளிச்சேன். இவுகதான் தெளிக்கச் சொன்னாக" என்றார்.

பாண்டித்துரை அவரை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரி, அதை எடுத்துரு. நாளு இல்ல."

"எடுக்கிறேன் சார். முன்வாசல் வழியா வந்து எடுக்கிறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கு இரண்டே நாள். ராமநாதபுரத்திலிருந்து வேறு ஆள் வந்து சேர்வதற்குள் பரிசமே முடிந்துவிடும். முன்கதவின் இரண்டாவது பலகையையும் திறந்துவைத்தார். நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, எல்லோரும் செருப்பு விடுகிற இடத்தில் என் செருப்பையும் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

அன்று முழுக்கத் தேய்த்தேன். இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. சிவப்பெல்லாம் போனது. மறுபடியும் சிமென்ட் பூசி, அது இறுகும்வரை காத்திருந்தேன். சாயங்காலம் கால் கழுவிவிட்டுக் கூடத்தின் நாலு மூலைக்கும் நடந்தேன். ஊஞ்சலுக்கு அடியில், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாய் விரிக்கப்போகிற இடத்தில், சாமி அறை வாசலில் என்று ஓரிடம் விடவில்லை. பாண்டித்துரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாளைக்குத்தான் ஆசிட் பாலிஷ். அதுவரைக்கும் மஞ்சத்தண்ணி பட்டாச் செவக்கும்" என்றேன். "இந்தக் கூடத்துல நான் மிதிக்காத இடம் இல்ல சார். தெளிக்கிறதுன்னா பூராத்துக்கும் தெளிங்க."

வியாழக்கிழமை காலை நான் போனபோது முன்வாசல் திறந்தே கிடந்தது. வாசலில் நின்று கூடம் முழுவதையும் நிதானமாகப் பார்த்தேன். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.