ஏழாவது பிரிவு

2006 ஜனவரியில், தங்களுக்குள் போரிட்ட இரண்டு ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் சமாதானம் பேசப் புதுச்சேரிக்கு வந்தார்கள். ஒரு தரப்புக்குப் பிரெஞ்சு, மறு தரப்புக்கு ஆங்கிலம். நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொல்லும் வேலை பூர்ணிமாவுக்குக் கிடைத்தது. அவள் தம்பி ஹரிகிருஷ்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, அமைதிப்படையோடு அந்தப் போருக்குப் போனவன். எல்லைச் சதுப்பில் காணாமல் போய் இரண்டு வருஷம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்காது.

கடற்கரை ஓட்டல் மாடியில், ஆற்றுப்பாலம் யாருக்கு என்பதற்கே ஆறு நாள் இழுத்தார்கள். ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவுக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பிரெஞ்சுத் தரப்பின் தூதர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். பூர்ணிமா ஆங்கிலத்தில் சொன்னாள்.

“சதுப்பில் காணாமல் போனவர்கள், எந்தப் படையினராயினும், இறந்தவர்களாகக் கருதப்படுவர். தேடுதல் கைவிடப்படுகிறது.”

“கடைசி வரி கேட்கவில்லை,” என்றார் எதிரே இருந்தவர்.

மறுபடி சொன்னாள். முதல் முறை சொன்ன அதே குரல். அவர் தலையசைத்ததும் எட்டாவது பிரிவுக்குப் போனார்கள். மதியம் மீன் வறுவல் போட்டார்கள். சாப்பிட்டாள்.

கையெழுத்தான அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் லாஸ்பேட்டை வீட்டுக்குப் போனாள். அம்மா தனக்கொடி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“சமாதானம் ஆயிடுச்சும்மா.”

“அப்ப இனிமே நல்லா தேடுவாங்கல்ல?”

“தேட மாட்டாங்கம்மா. காணாம போனவங்க எல்லாம் செத்துட்டதா எழுதிட்டாங்க. நான்தான் அத படிச்சி சொன்னேன்.”

“நீயா?”

“ஆமா.”

ஆய்ந்த கை நின்றது. பிறகு அடுத்த காம்பை எடுத்தது.

“எந்தத் தேதின்னு போட்டுருக்கு?”

“தேதி போடலம்மா.”

“தேதி இல்லாம எப்பிடிடி திதி குடுக்கறது?”

இந்தக் கேள்வி அந்த மாடியில் யாருக்கும் எழவில்லை.

அம்மாவே முடிவு செய்தாள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனார்கள். எங்கு பார்த்தாலும் கூட்டம். “ஆம்பளைங்க யாரும் வரலியா?” என்று கேட்டார் அய்யர்.

“இவதான் அக்கா. இவளே குடுக்கட்டும்,” என்றாள் தனக்கொடி.

பூர்ணிமா எள்ளும் தண்ணீரும் விட்டாள். கடலில் மூன்று முறை முழுகி எழுந்தாள். இப்போதாவது அழுகை வரும் என்று நின்றாள். வரவில்லை. ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.