இருபத்திரண்டு என்றால் குளிர்

வாதம் தாக்கி டாக்சிக்காரரின் பேச்சு போன பதினேழாம் நாள், அவருடைய இருபத்தாறு வயதுக் கார் அவருக்காகப் பேசத் தொடங்கியது. அன்று செவ்வாய்க்கிழமை, லேசான தூறல். வண்டியை விற்றுவிடுவது என்று அவர் மனைவி முடிவு செய்திருந்தாள். அது காதில் விழுந்ததிலிருந்து மனிதர் காலையில் முன் இருக்கையில் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். எஞ்சின் விளக்கு அணையாமல் எரிவதைப் பார்த்து வாங்க வருகிறவன் முகம் சுளிப்பானே என்று அவள் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தாள்.

மெக்கானிக் ஒரு பெண், அளந்து பேசுகிறவள். அந்தக் காலத்து வண்டிக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. பானெட்டுக்கடியில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து, இரண்டு துளைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினாள். விளக்கு இரண்டு முறை மினுக்கி, நின்று, மறுபடி இரண்டு முறை மினுக்கியது.

"இருபத்திரண்டு. தண்ணிச் சூட்டைப் பாக்குற சென்சார் போயிடுச்சு. எஞ்சின் குளுந்து கிடக்குன்னு சொல்லுது."

புது சென்சார் போட்டாள். இருபத்திரண்டு. ஒயரை மாற்றினாள். அப்போதும் இருபத்திரண்டுதான். மூன்றாம் நாள் உள்ளே குனிந்தவளின் கை தற்செயலாக அவர் கையில் பட்டது. சில்லிட்டிருந்தது. கொடியில் கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்தினாள். விளக்கு அணைந்தது.

"அக்கா, கோளாறு வண்டியில இல்ல. அவருக்குக் குளிருது."

அதன்பிறகு விற்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மெக்கானிக் அந்தத் துண்டு ஒயரைக் கழற்றாமலே விட்டாள். அவள் புத்தகத்திலிருந்த எண்களை மனைவி ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டாள். ஐம்பத்துநான்கு வயதில் ஓட்டக் கற்று, கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளே டாக்சி ஓட்டினாள். வேகத்துக்கான நாற்பத்திரண்டு ஓயாமல் மினுக்கும். "முப்பதுலதான் போறேன், கொஞ்சம் பேசாம வாங்க" என்று அவள் எரிந்துவிழுவாள். பின்னால் இருப்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

நான்காம் வருடம், ஒரு வக்கீலைக் கோர்ட்டுக்கு ஏற்றிச் செல்லும்போது ஐம்பத்திரண்டு வந்தது. உள்ளே ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. கணவரின் முகம் மட்டும் வெளுத்திருந்தது. அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

"அம்மா, எனக்குப் பத்தரைக்குக் கேஸ்" என்ற வக்கீல், விளக்கையும் அந்த முகத்தையும் பார்த்தார். "சரி, விடுங்க. சீக்கிரம் போங்க" என்று முன்னால் எட்டி டாக்சிக்காரரின் தலையைத் தாங்கிக்கொண்டார்.

மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அரை மணி நேரம் தாமதித்திருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டார் என்றார் டாக்டர். பிழைத்துவிட்டார், ஆனால் வார்டில் படுத்தபடி எதையும் சொல்ல முடியாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி காவலாளியிடம் கெஞ்சி, காரை அவர் ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தி, சாவியைத் திருப்பி வைத்தாள். எண்கள் எழுதிய தாளை நர்ஸிடம் கொடுத்தாள். முதல் நாள் நர்ஸ் சங்கடத்தோடு எட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் இப்படி இருந்தது: காலை ஏழு மணி. காய்ச்சல் இல்லை. நாடி எழுபத்தெட்டு. கார் இருபத்தொன்று, காற்றுக்காக ஜன்னல் திறக்கப்பட்டது.