நம் ஓட்டுநர் ஒருவரின் வீடு

1

இந்தக் கதை ஒரு கஞ்சத்தனத்திலிருந்து பிறந்தது. அந்தக் கஞ்சத்தனம் என்னுடையது. முதலிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு எழுதக் கை வரும்.

பஸ் டிப்போவில் கேன்டீன் நடத்தும் என் அக்கா ஒரு மதியம் போன் செய்தாள்.

"ஒரு டிரைவர் வீடு மின்கசிவுல எரிஞ்சு போச்சுடி. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா கட்டின துணிதான் மிச்சம். போர்டுல ஒட்ட நாலு வரி எழுதிக் குடு. நீதான் எழுதறவளாச்சே."

பேசிக்கொண்டே பர்ஸை எடுத்தேன். "யாரு வீடு?"

கொஞ்சம் தயங்கினாள். "கருங்காலி வீடு."

எடுத்த பர்ஸை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

(உங்களுக்கு ஒரு விளக்கம்: இரண்டு வருடங்களுக்கு முன் டிப்போவில் இருபது நாள் வேலைநிறுத்தம். அப்போது வண்டி எடுத்த ஒரே ஆள் இவர். வேலைநிறுத்தத்தை முறிப்பவருக்கு நம் மொழி வைத்திருக்கும் வசவே இவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. அவர் எடுத்தது என் அத்தானுடைய வண்டி. அக்காவின் கணவர்தான் அத்தான். போராட்டம் முடிந்தபோது வேலையிழந்த பதினோரு பேரில் அவரும் ஒருவர். இப்போது ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார்.)

2

முதல் வரைவு: 'நம் ஓட்டுநர் ஒருவரின் வீடு தீக்கிரையாகிவிட்டது…'

சாயங்காலத்துக்குள் யாரோ 'நம்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். பலகைக்குக் கீழே அக்கா வைத்த அட்டைப்பெட்டியில் ஒரே ஒரு போர்வை. அதுவும் அக்காவுடையது.

இரண்டாம் வரைவு: 'பள்ளிக்குப் போகும் இரண்டு சிறுமிகளின் புத்தகம், பை, செருப்பு எல்லாம் எரிந்துவிட்டன…'

ஓட்டுநர் என்ற சொல்லே இல்லை. மறுநாளே பெட்டி நிறைந்தது. ஸ்ட்ரைக்குக்குத் தண்டனையாக மூன்று மாதச் சம்பளம் போன ஒரு பெண் கண்டக்டர் புதுப் பை வாங்கி வந்தாள்.

"பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? இது அதுங்களுக்கு. அப்பனுக்குன்னா ஒரு பட்டன்கூடத் தர மாட்டேன்."

[இந்த இடத்தில் ஈகையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அடித்ததில் தப்பியது இவ்வளவுதான்: கையை நீட்டுவதற்கு முன் எதிராளியின் முகத்தில் நம் ஜாடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறோம். தாய்க்கு அங்கே தாய் தெரிய வேண்டும், தொழிலாளிக்குத் தொழிலாளி. தெரிந்துவிட்டால் கேட்காமலே கை நீளும். தெரியாவிட்டால்]

3

மூன்றாம் நாள் அவரே கேன்டீனுக்கு வந்தார், கிழித்தெடுத்த அறிவிப்போடு. நானும் அங்கே இருந்தேன்.

எனக்கு ஒரு சபலம் வந்தது. 'அந்த இருபது நாளும் அவர் மனைவி ஆஸ்பத்திரியில்' என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். முடித்திருந்தால் உங்கள் மனம் இந்நேரம் இளகியிருக்கும். ஆனால் வந்தவர் தாட்டியான ஆள், தலைக்குச் சாயம், கொஞ்சம் முரட்டுக் குரல். ஏன் வண்டி எடுத்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இத எழுதினது நீங்களாம்மா?"

"ஆமாங்க."

"எம் பொண்ணுங்களுக்கு அப்பனே இல்லாத மாதிரி எழுதியிருக்கீங்க."

அக்கா குறுக்கிட்டாள். "உங்கள எழுதினா யாரும் குடுக்க மாட்டாங்கண்ணே."

"எழுதுங்க. ஸ்ட்ரைக்ல வண்டி எடுத்தவன்னே எழுதுங்க. இப்ப தெரியாம குடுத்துட்டு, நாளைக்குத் தெரிஞ்சதும் எம் பொண்ணு தோள்ல கிடக்கற பையப் பாத்து மூஞ்சியச் சுளிச்சா, அத அவ எப்படித் தாங்குவா?"

அப்படியே எழுதினேன்: 'வேலைநிறுத்தத்தின்போது வண்டி எடுத்த ஓட்டுநரின் வீடு எரிந்துவிட்டது. அவருக்கு உதவி வேண்டும்.'

மூன்று நாள் பெட்டி காலி. நானும் ஒன்றும் போடவில்லை. எழுதிக் கொடுத்ததே என் பங்கு என்று சொல்லிக்கொண்டேன்.*

* எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தப்பித்துக்கொள்ளும் சந்து இது.

4

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் தட்டிலிருந்து நிமிராமல் கேட்டார்.

"யூனிஃபார்மும் எரிஞ்சிருக்குமே?"

"ரெண்டு செட்டும் போச்சாம்," என்றாள் அக்கா. "புதுசு வர ஒரு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் டூட்டி கிடையாதாம்."

கை கழுவிவிட்டு எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். இரண்டு வருடமாக யாரையும் தொட விடாத தன் சீருடையை எடுத்துவந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். சட்டைப்பைக்கு மேலே தைத்திருந்த தன் பெயரை பிளேடால் இழை இழையாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

"நீங்களா குடுக்கறீங்க?" என்றாள் அக்கா.

"ஓட்டத் தெரிஞ்சவன் வீட்டுல உக்காந்திருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"அப்ப பேர ஏன் பிரிக்கறீங்க?"

இந்த இடத்தில் அவர் வாயில் வைக்க என்னிடம் இரண்டு வாக்கியங்கள் உண்டு. ஒன்று: 'யாருதுன்னு தெரிஞ்சா அவனால போட முடியாது.' இன்னொன்று: 'எம் பேரோட அவன் ஓட்டக் கூடாது.' இரண்டும் பொருந்துகின்றன. அத்தான் இரண்டையும் சொல்லவில்லை. சட்டையை மடித்து என்னிடம் நீட்டினார்.

"நீ போய்க் குடுத்துடும்மா. யாருதுன்னு கேட்டா—"

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

5

உறவினர் வீட்டின் ஒற்றை அறையில் அவர்கள் தங்கியிருந்தார்கள். சிறுமிகள் தரையில் படுத்தபடி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் விரித்தார். நூல் போய்விட்டது, ஆனால் பெயர் இருந்த இடம் வெளுக்காமல் இருந்தது, ஊசித் துளைகளும் வரிசையாகத் தெரிந்தன. கட்டைவிரலால் அவற்றை மெல்லத் தடவினார். உதடுகள் அசைந்தன. படித்துவிட்டார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் இதப் போட்டுக்கலாமாம்மா?"

நான் ஏதோ ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. அது அத்தானின் கொழுந்தியா சொன்ன பதில், எழுத்தாளர் சொன்னதல்ல. நீங்கள் இவர்களில் யாருக்கும் உறவில்லை. அவர் இன்னும் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கிறார். நாளைக் காலை ஐந்தரைக்கு முதல் ட்ரிப். சொல்லுங்கள்.